ஓவிய வகுப்பில் புள்ளியும் நீதியும்

கணித விடைத்தாளுக்குப் புள்ளியிட்ட ஆசிரியரிடம், "எனக்கு ஏன் குறைத்தீர்கள்?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவர் தாளைத் திருப்பிப் பிழைத்த வரியைக் காட்டிவிடலாம். நுண்கலைக் கற்கைநெறி ஒன்றின் இறுதி வருட மாணவி, தான் தீட்டிய ஓவியத்தின் முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டால் விரிவுரையாளர் எந்த வரியைக் காட்டுவார்?

வழமையாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. கலையை அளக்க முடியாது, புள்ளி என்பது நிர்வாகத்துக்கான ஒரு சம்பிரதாயம் என்பது முதலாவது. பழகிய கண்ணுக்குப் பார்த்த மாத்திரத்தில் தரம் தெரிந்துவிடும், அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பது இரண்டாவது. ஒன்று பணிவாகவும் மற்றது கர்வமாகவும் தோன்றினாலும் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. காரணம் சொல்லும் கடமையிலிருந்து ஆசிரியரை அவை விடுவித்துவிடுகின்றன. கேள்வி கேட்ட மாணவி வெறுங்கையுடன் திரும்புகிறாள். அந்தப் புள்ளியோ வகுப்புச் சித்தியாகவும் ஆசிரிய நியமனமாகவும் புலமைப்பரிசிலாகவும் மாறி அவள் வாழ்வில் தொடர்ந்து வருகிறது. படம் வரைந்து என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்கும் வீட்டாருக்கு அவள் காட்டக்கூடிய ஒரே அத்தாட்சியும் அதுதான்.

எமது கல்வித்துறை கணிப்பீடு, மதிப்பீடு என்னும் இரு சொற்களை வேறுபடுத்திக் கையாள்கிறது. கற்றல் நடந்துகொண்டிருக்கையில் மாணவர் எங்கே நிற்கிறார் என்று தகவல் திரட்டுவது கணிப்பீடு. திரட்டியதைக் கொண்டு போதும் அல்லது போதாது என்று தீர்ப்புரைப்பது மதிப்பீடு. ஓவியக் கூடத்தில் இவ்விரண்டும் கலந்துவிடுவதிலிருந்தே பெரும்பாலான அநீதிகள் பிறக்கின்றன என்பது எனது எண்ணம்.

இரு மாணவிகளைக் கற்பனை செய்வோம். ஒருத்தி சிறுவயது முதல் தனி வகுப்புகளில் பயின்று, தேர்ந்த கையுடன் கல்லூரிக்கு வந்தவள். மூன்றாண்டுகளின் பின்னரும் வந்த நாளில் வரைந்ததையே அழகாக வரைகிறாள். மற்றவள் சித்திர ஆசிரியரே இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவள். முதலாம் வருடத்தில் ஒரு கதிரையின் கால்களைக்கூட அவளால் தரையில் நிறுத்த முடியவில்லை. இன்று அவளது ஓவியங்கள் சீரற்றவை. ஆனால் ஒவ்வொன்றிலும் முன்னர் தெரியாத ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். இறுதிக் கண்காட்சியில் முதலாமவளின் சுவரே பார்வையாளரை நிறுத்துகிறது. யாருக்குக் கூடிய புள்ளி?

கற்றலையே மதிப்பிடுகிறோம் என்று கற்கைநெறியின் கையேடு சொல்லுமாயின் இரண்டாமவளுக்கே. ஆயினும் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுக்கும் பாடசாலைக்கு, அதை வைத்திருப்பவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பது முக்கியமல்ல, இப்போது என்ன செய்யத் தெரியும் என்பதே முக்கியம். அந்தத் தேவையும் நியாயமானது. ஆகவே ஒரே இலக்கம் இரு வேறு ஆட்களுக்கு இரு வேறு செய்திகளைச் சுமக்க நிர்ப்பந்திக்கப்படுகிறது. எந்தச் செய்தி அதில் இருக்கிறது என்பது எவருக்கும் சொல்லப்படுவதில்லை.

படைப்பை மட்டுமே பார்க்கும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியின் வரலாறு சாட்சி. அங்கு போட்டிகளே பரீட்சைகளாக இருந்தன. அவற்றின் உச்சியில், 1663இல் தொடங்கிய ரோம் பரிசு இருந்தது. கட்டடக்கலைப் போட்டிகளில் மாணவர் முதலில் குறுகிய நேரத்துக்குள் ஒரு முன்வரைவை வரைந்து ஒப்படைக்க வேண்டும். பின்னர் வாரக்கணக்கில் அதை விரித்து முடிக்கையில் அந்த முன்வரைவின் அடிப்படையிலிருந்து விலகினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். பிறர் உதவி பெறாமல் தடுப்பதே இவ்விதியின் நோக்கம். அந்த வகையில் அது நேர்மையான விதிதான். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கையில் இதைவிடச் சிறந்த வழி ஒன்று மாணவருக்குப் புலப்பட்டால் அதைக் கைவிட வேண்டும். பரீட்சையின் நேர்மையைக் காக்க, கற்பதே குற்றமாக்கப்பட்டது. இதே கல்லூரியின் நுழைவுத் தேர்வில் ஒகுஸ்த் ரோடின் மூன்று முறை நிராகரிக்கப்பட்டார். பின்னாளில் அவர் அடைந்த புகழைக் காட்டித் தேர்வாளர்களை ஏளனம் செய்வது எளிது. அன்று அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தது களிமண் மட்டுமே. அந்தக் களிமண்ணை வைத்து ஒரு மனிதர் இனி என்ன கற்பார் என்று கூற முற்பட்டதுதான் அவர்களின் தவறு. ரோம் பரிசுப் போட்டி 1968இன் மாணவர் கிளர்ச்சியை அடுத்து ஒழிக்கப்பட்டது.

அவ்வாறாயின் ஓவியக் கூடத்தில் கற்றலைக் காணவே முடியாதா? முடியும் என்று காட்டியவர் ஜோசப் அல்பர்ஸ். ஜேர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் கற்பித்துக்கொண்டிருந்த இவர், நாஸிகளின் நெருக்குதலால் 1933இல் அது மூடப்பட்டபோது, அதே ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினாவில் தொடங்கப்பட்ட பிளக் மவுண்டன் கல்லூரிக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். அவரது வர்ண வகுப்பின் பயிற்சிகளில் ஒன்று இது. ஒரே நிறத் தாளில் இரு துண்டுகளை வெட்டி, இரு வேறு பின்னணி நிறங்களின் மீது வைத்து, அவை இரு வேறு நிறங்களாகத் தோன்றும்படி செய்ய வேண்டும். விடைகளெல்லாம் ஒன்றாகப் பரப்பப்பட்டு வகுப்பே அவற்றைப் பார்க்கும். வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்பதை அறைக்குள் இருக்கும் எல்லாக் கண்களும் சொல்லிவிடும். அதற்கு ஆசிரியரின் ரசனை தேவையில்லை, மாணவரின் ஆன்மாவை எடைபோட வேண்டிய அவசியமும் இல்லை. 1963இல் வெளியான வர்ணங்களின் ஊடாட்டம் பற்றிய அவரது நூல் இத்தகைய பயிற்சிகளாலேயே ஆனது.

இக்கல்லூரி எமது பிரச்சினைக்கு நிர்வாக ரீதியாகவும் ஒரு விடை கண்டிருந்தது. வேறு கல்லூரிக்கு மாறிச் செல்வோருக்குத் தேவைப்படலாம் என்பதற்காகத் தரங்கள் ஏட்டில் பதியப்பட்டன. ஆனால் மாணவருக்கு அவை சொல்லப்படவில்லை. மாணவர் கேட்டது ஆசிரியரின் பேச்சை மட்டுமே. பட்டம் பெற விரும்பியோரை வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சோதித்தார். ஒரு செய்தி மாணவருக்கு, மற்றொரு செய்தி வெளியுலகுக்கு என்று இரண்டும் பிரிக்கப்பட்டிருந்தன. இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1957இல் கல்லூரி மூடப்படும் வரை அங்கு படித்தோரில் முறைப்படி பட்டம் பெற்றவர்கள் மிகச் சிலரே.

ஆனால் எல்லாவற்றையும் நிறத் தாள் துண்டுகளைப் போல் சரிபார்க்க முடியாது. இறுதி வருடத்தில் மாணவர் தனது பிரச்சினையைத் தானே தெரிவு செய்கிறார். அங்கு பெரும்பாலான கல்லூரிகள் நம்பியிருப்பது விமர்சன அமர்வை. மாணவர் தன் படைப்பின் அருகில் நிற்க, ஆசிரியர்களும் சக மாணவர்களும் கேள்வி கேட்பர். இது காரணங்களைப் பகிரங்கமாக்கும் நல்ல முறை. அதற்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. படைப்பைப் பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்லப் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கலை பற்றிய உரையாடல் நடக்கும் வீட்டிலிருந்து வந்தவர், அமர்வின் மொழியைச் சரளமாகப் பேசுபவர், சபைக் கூச்சம் இல்லாதவர் ஆகியோருக்கு அது கூடுதல் புள்ளியாகிறது. தாய்மொழியில் சிந்தித்து இன்னொரு மொழியில் தடுமாறுபவரின் மௌனம், படைப்பில் சிந்தனை இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.

இத்தகைய பாரபட்சத்தைக் கட்டுப்படுத்தவே அட்டவணைகள் வந்தன. பிரித்தானியாவில் 1960இல் கோல்ட்ஸ்ட்ரீம் குழு தனது முதல் அறிக்கையைச் சமர்ப்பித்த பின்னர், மையப் பரீட்சைக்குப் பதிலாகக் கல்லூரிகள் தமது பாடத்திட்டத்தைத் தாமே அமைத்து, வெளி மதிப்பீட்டாளர்களின் மேற்பார்வையுடன் டிப்ளோமா வழங்கும் முறை உருவானது. 1997இல் உயர்கல்வித் தர உறுதிப்பாட்டு முகவரகம் தோன்றியதைத் தொடர்ந்து, ஒவ்வொரு பாடநெறியும் தனது கற்றல் பேறுகளை எழுத்தில் வைக்கும் வழக்கம் வலுப்பெற்றது. இன்று எமது பல்கலைக்கழகங்களும் அந்த மொழியையே பேசுகின்றன. ஊடகத்தைக் கையாளும் திறன், ஆய்வு, பரிசோதனை, சுயவிமர்சனம் என்று நிரல்கள் பிரிகின்றன.

இலக்கியக்காரர்களாகிய நாம் இந்த அட்டவணைகளை ஏளனமாகப் பார்க்கப் பழகியவர்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். தலைகுனிந்து நிற்கும் மாணவிக்கு, "எந்த நிரலில் குறைத்தீர்கள்?" என்று கேட்கும் உரிமையை அந்தத் தாள் கொடுக்கிறது. பார்த்தவுடன் தெரியும் என்று சொல்பவர் அந்த உரிமையை ஒருபோதும் கொடுத்ததில்லை. அட்டவணையின் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. பரிசோதனைக்கு இருபது புள்ளி என்று தெரிந்ததும், பரிசோதனை செய்ததாகக் காட்டும் குறிப்பேடுகள் இறுதி வாரத்தில் தயாராகிவிடும். தேடியவரும் தேடியதாக நடித்தவரும் தாளில் ஒரே மாதிரியே தெரிவர். அவ்விருவரையும் வேறுபடுத்தக் கூடியவர், மூன்றாண்டுகள் அந்தக் கூடத்துக்குள் நடமாடிய ஒருவர் மட்டுமே.

அந்த ஒருவரின் இடம் என்ன என்பதற்கு எழுத்தணிக் கலையின் மரபு எமக்கு ஒரு முன்மாதிரி தருகிறது. துருக்கிய உஸ்மானிய மரபில் மாணவர், காரியத்தை இலகுவாக்குமாறு இறைஞ்சும் ஒரு சிறு பிரார்த்தனையை எழுதுவதிலிருந்து தொடங்குவார். பின் தனி எழுத்துகள், அதன்பின் கூட்டெழுத்துகள். ஒவ்வொரு பாடத்திலும் பிழைத்த எழுத்தின் சரியான வடிவத்தை உஸ்தாத் எழுதிக் காட்டுவார். அளவுகோலோ எல்லோருக்கும் பொதுவானது. நாணல் பேனாவின் முனை இடும் புள்ளிகளைக் கொண்டே எழுத்தின் உயரமும் வளைவும் அளக்கப்படும். பல ஆண்டுகளின் பின், முன்னோர் ஒருவரின் எழுத்தை மாணவர் பிரதி செய்து கொடுக்க, அதன் கீழேயே உஸ்தாத் இஜாஸாவை எழுதுவார். வேறு எழுத்தணிக் கலைஞர்களும் அதில் சான்றுரைப்பதுண்டு. அதுவரை தன் எழுத்தின் கீழ் பெயரிட உரிமையற்றிருந்தவர் அன்றிலிருந்து பெயரிடலாம்.

இதை அப்படியே நவீன கல்லூரிக்குள் கொண்டுவர முடியாது. உஸ்தாதின் வழியிலிருந்து விலகுவதையே கற்றலாகக் கொள்ளும் கலைக்கு, பிரதி செய்தல் இறுதிச் சோதனையாக இருக்க இயலாது. ஒரே மனிதரின் விருப்பு வெறுப்பில் மாணவரின் எதிர்காலம் தொங்குவதும் ஆபத்தானது. ஆனால் ஒரு விடயம் எடுத்துக்கொள்ளத்தக்கது. இஜாஸாவை எழுதுபவர் சாட்சி சொல்கிறார், அந்தச் சாட்சியத்தின் கீழ் தன் பெயரையும் இடுகிறார். மாணவர் பிழையாக எழுதினால் அது அவருக்கும் இழுக்கு. இன்றைய புள்ளிப் பட்டியலில் மாணவரின் பெயர் இருக்கிறது, புள்ளியிட்டவரின் காரணம் இல்லை.

சான்றிதழே வேண்டாம், கற்றலே போதும் என்று சொல்வோருக்கு ரூத் அசாவாவின் வாழ்வை நினைவூட்ட வேண்டும். ஜப்பானிய வம்சாவளியில் 1926இல் கலிபோர்னியாவில் பிறந்த இவர், 1942இல் தம் இனத்தவரோடு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் சித்திர ஆசிரியையாகும் நோக்குடன் மில்வோக்கி ஆசிரியர் கல்லூரியில் படித்தார். ஜப்பானியர் என்பதால் கற்பித்தல் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் பட்டத்தை முடிக்க முடியவில்லை. 1946இல் பிளக் மவுண்டனுக்குச் சென்று அல்பர்ஸிடம் கற்றார். மெக்சிக்கோவில் கம்பிக் கூடை பின்னுவோரிடம் பயின்ற நுட்பத்தைக் கொண்டு, உருவத்துக்குள் உருவம் தெரியும் சிற்பங்களைப் பின்னினார். 1998இல் அந்தக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்க முன்வந்தபோது, அதற்குப் பதிலாகத் தனக்கு மறுக்கப்பட்ட இளமாணிப் பட்டத்தையே கேட்டுப் பெற்றார். உலகமறிந்த சிற்பிக்கு எழுபது வயது கடந்தபின் அந்தக் காகிதம் எதற்கு? கற்றது அவரிடம் எப்போதும் இருந்தது. கற்றார் என்று ஒரு நிறுவனம் சொல்ல வேண்டிய சொல்தான் நிலுவையில் இருந்தது. அது கடன், கடன் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது.

ஆகவே புள்ளி ஓர் அமானிதம். அதை ஏற்றவர் செய்யக் கூடியவை சில உண்டு. முதலாம் மாதத்து வேலைகளைப் பத்திரப்படுத்தி, இறுதி வேலைகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். கடந்த தூரத்தையும் அடைந்த இடத்தையும் ஒரே இலக்கத்துக்குள் அடைக்காமல் இரண்டு கூற்றுகளாக எழுதலாம். மாணவரை நன்கறிந்த ஒருவரும் முன்பின் அறியாத ஒருவரும் சேர்ந்து பார்க்கலாம். பேசத் தயங்குபவரைத் தாய்மொழியில் பேசவோ எழுதித் தரவோ விடலாம். இறுதியாக, புள்ளியின் அருகில் மாணவிக்கு விளங்கும் மொழியில் நான்கு வரி காரணம் எழுதிக் கையொப்பமிடலாம். அந்தத் தீர்ப்பு அப்போதும் பிழைபடக்கூடும். ஆனால் எந்த வரி என்று அவள் கேட்கும்போது சுட்டிக் காட்ட ஒரு வரியாவது இருக்கும். அதை மறுத்துப் பேச அவளுக்கும் ஓர் இடம் இருக்கும்.