கடன் வாசலில் நிற்கும்போது



விடியுமுன் கதவு தட்டப்படுகிறது. தகப்பன் அடுப்பங்கரையில் ஒளிந்துகொண்டு, "அப்பா ஊரில் இல்லையென்று சொல்" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறான். கடன்படுவது பாவமல்ல. அந்தப் பிள்ளையின் வாயில் வைத்த பொய்யே பாவம். மஞ்சள் கடுதாசி கொடுப்பதென்று தீர்மானித்து, அதுவரை வசூல்காரருக்கு என்ன பதில் சொல்வதென்று கலங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எலிசேயு தீர்க்கதரிசியிடம் ஒரு கைம்பெண் வந்தாள். கடனுக்கு ஈடாக அவளுடைய இரண்டு மக்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக ஒருவன் வந்திருந்தான். அவள் ஒளியவில்லை. வீட்டில் சிறிது எண்ணெய் தவிர வேறொன்றுமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். சர்வேசுரனுடைய உதவி அந்த உண்மையிலிருந்தே தொடங்கிற்று. பெருகிய எண்ணெயை விற்றுக் கடனை அடைத்தாள். மீந்ததில் மக்களோடு பிழைத்தாள்.

திவால் மனுவும் உள்ளதை உள்ளபடி சொல்வதே. சென்னை நகரத்துக்கு 1909-ம் வருடத்துச் சட்டம். வெளி ஜில்லாக்களுக்கு 1920-ம் வருடத்துச் சட்டம். யாருக்கு எவ்வளவு பாக்கி, கையில் என்ன சொத்து என்று முழு ஜாபிதா கொடுக்கவேண்டும். நகையை மைத்துனனிடமும் நிலத்தை மனைவி பெயரிலும் ஒதுக்கிவிட்டு மனுப் போடாதீர்கள். 1920-ம் வருடத்துச் சட்டப்படி, மனுவுக்கு முந்திய 2 வருடத்துக்குள் இனாமாக மாற்றிய சொத்தைக் கோர்ட்டு ரத்துசெய்யலாம்; வஞ்சகமாய் மறைத்தவருக்கு 1 வருடம் வரை சிறையும் உண்டு. ஒரு பாவத்தை வேண்டுமென்றே மறைத்துச் செய்யும் பாவசங்கீர்த்தனத்தால் பலன் உண்டோ?

மனுப் போடும்வரை என்ன செய்வது? கதவைத் திறந்து மரியாதையாகப் பேசுங்கள். "வக்கீலைக் கண்டிருக்கிறேன், எல்லாருக்கும் கோர்ட்டில் கணக்கு ஒப்புவிப்பேன்" என்று சொல்லுங்கள். கட்ட முடியாத தவணையை ஒப்புக்கொள்ளாதீர்கள். உரக்கக் கத்துகிறவனுக்குப் பயந்து, வேறொருவனிடம் வட்டிக்கு வாங்கி அடைக்காதீர்கள். வெற்றுப் பத்திரத்திலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வேண்டாம். யார் எப்போது வந்து என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பாங்கிக் கடன் வசூல்காரர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்து தொந்தரவு செய்யக்கூடாதென்று 2022-ல் ரிசர்வ் பாங்கி கட்டளையிட்டிருக்கிறது. கந்துவட்டி நம் மாநிலத்தில் 2003 முதல் குற்றம். மிரட்டினால் போலீசில் எழுதிக்கொடுங்கள். அடகு வாங்க வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டுமென்பது உபாகமத்தின் சட்டம். கடன்பட்டவனுக்கும் மானம் உண்டு.

2017-ல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறக்கலாகாது. எந்தக் கடனுக்கும் உயிர் ஈடல்ல. அப்படிப்பட்ட நினைவு வருமானால், எந்த நேரமும் என் கதவைத் தட்டுங்கள்.

கோர்ட்டு விடுதலை கொடுத்தபின், கை நிமிர்ந்தால், உங்களை நம்பிச் சீட்டுப் பணத்தைக் கொடுத்த ஏழையை மறவாதீர்கள். சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விடாது. மற்றவர்களே, மஞ்சள் கடுதாசி கொடுத்தவனைக் கோவில் வாசலில் கண்டு ஏளனம் செய்யாதீர்கள். கைம்பெண்ணுக்கு வெற்றுப் பாத்திரங்களை இரவல் கொடுத்தவர்கள் அண்டை வீட்டாரே.

உங்கள் பங்குச் சுவாமி