உங்கம்மா எங்கடா?

ஜெர்மனியில் டஸ்ஸல்டார்ஃப் நகரில் ஒரு முதியோர் இல்லம். வாசலில் ஒரு பஸ் ஸ்டாப். உட்கார பெஞ்ச் உண்டு, மேலே பலகை உண்டு. பஸ் மட்டும் வராது. அந்த ஸ்டாப்பே பொய். மறதி நோய் வந்த பெரியவர்கள் சிலர், 'வீட்டுக்குப் போகணும், பசங்க காத்திருப்பாங்க' என்று கிளம்பிவிடுவார்கள். கதவைப் பூட்டினால் ரகளை. ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால், ஓர் ஊழியர் வந்து, 'பஸ் லேட்டாகும் போலிருக்கு, உள்ளே வந்து ஒரு காபி சாப்பிடுங்களேன்' என்பார். அதற்குள் எங்கே கிளம்பினோம் என்பதே மறந்திருக்கும்.

2008 வாக்கில் இதைப் படித்தபோது, 'அட!' என்று பாராட்டத் தோன்றியது. கூடவே, பெரியவர்களை இப்படி ஏமாற்றலாமா என்றும் தோன்றியது.

கேள்வி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. என் நண்பரின் அப்பா அவர்களில் ஒருவர். தாம்பரம் தாண்டி ஓர் இல்லத்தில் இருக்கிறார். மகனைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி:

"உங்கம்மா எங்கடா?"

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. நண்பர் உண்மையைச் சொன்னார். பெரியவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போலக் கதறிவிட்டார். "ஏண்டா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! காரியத்துக்குக்கூட என்னைக் கூப்பிடலையே!" பத்து நிமிஷம் அழுகை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, உங்கம்மா எங்கடா?"

அங்கே வேலை செய்யும் ஆயாம்மா நண்பரைத் தனியே அழைத்து, "கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க சார். எதுக்கு தினம் ஒரு சாவு?" என்றார். நண்பருக்கு வாய் வரவில்லை. மார்க்கை மறைத்துப் பொய் சொன்னதற்காக அதே அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியவர் அவர்.

தத்துவவாதிகளிடம் கேட்டால்? ஜெர்மானியர் கான்ட் 1797-ல் கறாராக எழுதினார். உங்கள் நண்பனைக் கொல்ல வருகிறவன் 'அவன் எங்கே?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாதாம். நம் வள்ளுவர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்க்கும் வாய்மையின் இடம் உண்டு என்கிறார். ஆயாம்மா வள்ளுவர் கட்சி.

விஞ்ஞானமும் ஆயாம்மா பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் அல்ஸைமர் நோயாளிகளுக்குச் சோகமான சினிமாக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சில நிமிஷங்களில் காட்சிகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. சோகம் மட்டும் அரை மணி நேரம் வரை தங்கியது. அதாவது, அப்பாவுக்கு 'அம்மா இல்லை' என்ற தகவல் போய்விடும். துக்கம் காரணம் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் முதியோர் இல்லத்திலேயே வளர்ந்து, அங்கேயே வேலை செய்தவர் நயோமி ஃபைல். பொய்யும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், கேள்விக்குள் இருக்கும் ஏக்கத்தைக் கேளுங்கள் என்றார். நண்பர் அதைச் செய்து பார்த்தார். "அம்மா ஞாபகம் வந்துடுச்சாப்பா? இந்நேரம் இருந்தா என்ன பண்ணுவாங்க?" அப்பா முகம் மலர்ந்தது. "டிகாக்‌ஷன் போட்டிருப்பாடா. சர்க்கரை கம்மியாத்தான் போடுவா, கஞ்சம்!" அரை மணி நேரம் அம்மா புராணம். எல்லா நாளும் இது பலிக்காது. பலிக்காத நாளில் 'கோயிலுக்குப் போயிருக்காங்க' என்று சொல்வதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பொய் அவருக்காக.

எனக்குப் பயம் தருவது வேறொரு பொய். புறப்படும்போது, கையை விடுவித்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேம்ப்பா" என்கிறோமே, அது. மறந்துவிடுவார் என்ற தைரியத்தில் சொல்வது. ஒரு ஞாயிறு போகாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அவரே கேட்க மாட்டார். இரண்டு ஞாயிறு போகாவிட்டாலும் அப்படித்தான். 'போனா மட்டும் தெரியவா போகுது?' என்ற சமாதானம் தானாக வந்து சேரும். அந்தப் பொய் நமக்காக.

கடன் கொடுத்தவன் நோட்டைத் தொலைத்துவிட்டான் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுமா, என்ன? வர முடியாத நாளில் "வர்றேன்" என்று சொல்லாதீர்கள். சொன்னால், போங்கள்.