பெயர் தாங்கிய கல்

மாண்டவர்க்கு வாழ்பவர் ஆற்ற வேண்டிய கடன் யாது? நீர்க்கடன், திவசம், நினைவு நாள் என்று குடும்பத்தார் தம் முன்னோர்க்குச் செய்யும் கடமைகளை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று, ஒரு நாட்டின் பொருட்டோ, சில வேளைகளில் தனக்கு உரிமையே தராத ஓர் அரசின் பொருட்டோ உயிர் நீத்த படைவீரனுக்கு யார் கடன் ஆற்றுவது? அவன் உடல் கூடக் கிடைக்காதபோது எதனைக் கொண்டு ஆற்றுவது? இவ்வினாக்களைச் சற்றே சிந்திப்போம்.

யமுனையின் கீழ்க்கரையில் மயூர் விஹாரில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு இவை தொலைவில் உள்ள வினாக்கள் அல்ல. நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்றால் இந்தியா கேட் கண்ணில் படுகிறது. மயூர் விஹாரில் மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே டெல்லி கண்டோன்மென்ட் சென்று இறங்கலாம். அப்பகுதியில், பிரார் சதுக்கத்தருகே, டெல்லிப் போர்க் கல்லறைத் தோட்டம் அமைதியுடன் விளங்குகிறது. விடுமுறை நாட்களில் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பிள்ளைகளுக்குக் காட்டும் நம்மில், இத்தோட்டத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றவர் மிகச் சிலராகவே இருப்பர்.

இத்தோட்டம் 1951ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அலகாபாத், கான்பூர், டேராடூன், லக்னோ முதலிய ஊர்களில் சிதறிக் கிடந்த போர்வீரர் கல்லறைகள், பேணுவாரின்றி அழிந்துபோகாதிருக்க இங்குக் கொண்டுவரப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே துயில்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் மாண்ட, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வீரர்கள் 25,000-க்கு மேற்பட்டோரை நினைவுகூரும் சின்னமும் இங்கேதான் உள்ளது. அதன் இணைச்சின்னம் கராச்சியில் இருக்கிறது. நாடு இரண்டாகப் பிரிந்தபோதிலும் மாண்டவர்களைப் பிரிக்க இயலவில்லை என்பதற்கு இவ்விரு சின்னங்களும் சான்றாகும்.

இத்தகைய தோட்டங்களைப் பேணிவரும் போர்க் கல்லறை ஆணையம் 1917ஆம் ஆண்டு லண்டனில் தோன்றியது. அது வகுத்துக்கொண்ட நெறி உயரியது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல். செல்வனுக்கும் ஏழைக்கும் வேறுபாடு இல்லை. மாண்ட ஒவ்வொருவன் பெயரும் கல்லிலோ உலோகத்திலோ பொறிக்கப்பட வேண்டும். உயிரோடிருந்த காலத்தில் ஒருவனை மற்றொருவன் வணங்கி நின்றிருக்கலாம். மாண்டபின் இருவரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்கின்றனர். சமத்துவம் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான விளக்கம் அரிது.

ஆயினும் நெறி வேறு, நடைமுறை வேறு. முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் மடிந்த இந்திய வீரர்க்கு நவ் சாப்பேல் என்னுமிடத்தில் 1927ஆம் ஆண்டு நினைவுச்சின்னம் எழுந்தது. அதில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஈராண்டு கழித்து, 1929இல், இன்றைய ஈராக்கில் பாஸ்ரா நகரில் மற்றொரு சின்னம் எழுந்தது. அங்கே அதிகாரிகளுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் ஆயிரமாயிரம் சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே. உலகம் வந்து பார்க்கும் ஐரோப்பாவில் பெயர். பார்ப்பார் அரிதான பாலைநிலத்தில் எண்!

இக்குறையை ஆணையமே பின்னர் ஆராய்ந்து, 2021ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கோரியது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை ஏனையோர்க்கு நிகராகச் சிறப்பிக்கப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரளவில் கூட நினைக்கப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. கல்லறையின் அருமையை ஆப்பிரிக்க மக்கள் அறியமாட்டார்கள் என்று அன்றைய ஆட்சியாளர் சிலர் எழுதி வைத்ததும் வெளிப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து வந்த மன்னிப்பு எனினும், வந்ததே நன்று.

கல்லின் அருமையைக் கீழ்த்திசை மக்கள் அறியாரா? இங்கேதான் தமிழர்களாகிய நாம் நிமிர்ந்து விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதனை நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்துவது வரை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்டவனைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. அவன் மன்னன் அல்லன். ஊரின் மாடுகளையொட்டி எழுந்த ஒரு சிறு பூசலில் மாண்டவன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே அவன் பெயரை எழுத்தில் வடித்த சமுதாயம் நம்முடையது.

அது மட்டுமன்று. செங்கம் பகுதியில் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. பூசலில் வீழ்ந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் பெயரையும் அக்கல் பொறித்து வைத்திருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். ஒரு நாயின் நன்றியைக் கூடப் பெயரிட்டுப் போற்றிய நாட்டின் மைந்தர்களைத்தான் பிற்காலப் பேரரசு ஒன்று எண்ணிக்கையில் அடக்கியது. இதனை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கின்றதன்றோ?

இனி, இவ்விடத்தில் எழக்கூடிய தடைகளையும் நோக்குவோம். “உடம்பே நிலையாதது, எரித்துக் கரைத்துவிடும் வழக்கமுடைய நமக்குக் கல் எதற்கு? பெயர் எதற்கு?” எனச் சிலர் வினவலாம். நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே புகழுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை அவர்கள் கருத வேண்டும். படைச்செருக்கு அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தன் தலைவன்முன் எதிர்த்து நின்று கல்லாகிப் போனவர்களை அவர் நமக்குக் காட்டுகிறார். உடம்பு நிலையாதது என்பதனாலேயே பெயரைக் காக்க வேண்டியதாகிறது. உடம்பை நெருப்பு கொண்டுபோகும். பெயரைக் கொண்டுபோவது மறதி. நெருப்பைத் தடுக்க நம்மால் இயலாது, மறதியைத் தடுக்க இயலும். 1944ஆம் ஆண்டுப் போரில் மடிந்து எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குக் கோஹிமாவில் தனி நினைவிடம் உண்டு. அங்கே உடல் இல்லை. பெயர்கள் இருக்கின்றன; அவை போதுமானவையாக இருக்கின்றன.

“வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவதாகாதா?” என்பது இரண்டாவது தடை. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. மண்டபமும் முரசும் முழக்கமும் மட்டுமே இருந்தால், போர் அழகியது என்ற மயக்கம் இளையோர்க்கு உண்டாகலாம். ஆனால் பெயர்களின் வரிசை அம்மயக்கத்தைத் தெளிவிக்கிறது. பத்தாயிரம் பேர் மாண்டனர் என்று படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பத்தாயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க முயன்றால் பாதி வழியிலேயே குரல் தழுதழுக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு தாய் தேர்ந்து வைத்த பெயர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். எனவே பெயர் தாங்கிய கல் போரின் விலையை மறைக்காமல் உரைக்கிறது.

“அந்நிய அரசுக்காகப் போரிட்டவனை விடுதலை பெற்ற நாடு ஏன் போற்ற வேண்டும்?” என்பது மூன்றாவது. 1944இல் கோஹிமாவிலும் இம்பாலிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இந்தியர் போரிட்டனர். எதிரில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் இந்தியரே போரிட்டனர். அவ்விராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர் பலர். யாருடைய அரசியல் சரி என்பதை வரலாற்று மன்றத்தில் வழக்காடிக்கொள்ளலாம். பசியாலோ, கடமையாலோ, இலட்சியத்தாலோ படையில் சேர்ந்து மாண்ட உழவன் மகனின் பெயரை அழிக்க அவ்வழக்கு உரிமை தராது. இருதரப்பும் நம் வீட்டுப் பிள்ளைகளே.

இவர்கள் அனைவரினும் பெரிதும் மறக்கப்பட்டோர் வேறொரு கூட்டத்தார். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைத்தனர். அவ்வேலையில் மாண்ட போர்க் கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் காஞ்சனாபுரியில் அழகிய தோட்டத்தில் பெயர்க்கற்களின் கீழ் துயில்கின்றனர். அதே பாதையில், அதே காய்ச்சலாலும் பட்டினியாலும், மலாயாத் தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் பல பதினாயிரம் பேர் மாண்டனர். கையில் துப்பாக்கி இல்லாத காரணத்தால் அவர்கள் வீரர் பட்டியலில் இடம்பெறவில்லை. கூலிகளாதலின் பெயரேடும் முறையாக இல்லை. அவர்களுக்காகத் தமிழர் முயற்சியால் காஞ்சனாபுரியில் 2023ஆம் ஆண்டு ஒரு நடுகல் நாட்டப்பட்டது. எண்பதாண்டு கழிந்தபின் எழுந்த கல் எனினும், பழைய மரபு பட்டுப்போகவில்லை என்பதற்கு அது அடையாளம்.

நம் தலைநகரிலும் இக்கடன் மெல்ல மெல்லத் தீர்ந்து வருகிறது. 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட் 70,000 வீரர்க்கென எழுந்தது; அதன் சுவர்களில் உள்ள பெயர்களோ 13,000-க்குச் சற்று மேல். விடுதலைக்குப்பின் மாண்டவர்க்கு, 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டன. அதனை வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1972 முதல் இந்தியா கேட்டின்கீழ் எரிந்த அமர் ஜவான் ஜோதி, 2022 ஜனவரியில் அங்குள்ள சுடரோடு இணைக்கப்பட்டது.

ஆனால் அரசு பொறிக்கும் கல் ஒன்று. குடும்பம் காக்கும் நினைவு மற்றொன்று. பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்த குடும்பங்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஊரில் இருந்தவரை, “இந்த மரம் தாத்தா வைத்தது, இந்தக் கிணறு அவர் தம்பி வெட்டியது” என்று மண்ணே பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவ்வாறு சொல்ல மண் இல்லை. நாமேதான் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களுள், மதராஸ் ரெஜிமெண்டிலோ சாப்பர் படையிலோ பணியாற்றியவர், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்று திரும்பாதவர் என ஒருவரேனும் இல்லாதவை எத்தனை? “பட்டாளத்துக்குப் போன பெரியப்பா” என்று மட்டும் அறியப்பட்டு, இயற்பெயர் மறைந்துபோனவர் எத்தனை பேர்!

ஆதலின், வீட்டு முதியோரிடம் கேட்டு அப்பெயர்களை எழுதி வைப்போம். பெயர், ஊர், சென்ற ஆண்டு, சென்ற இடம் என்னும் நான்கு செய்திகள் போதும்; புலிமான்கோம்பைக் கல்லும் சில சொற்களே உடையது. பிள்ளைகளை ஒருநாள் கண்டோன்மென்ட் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, ஒரு கல்லின் முன் நின்று, அதிலுள்ள பெயரை வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். அப்பெயருக்கு உரியவர் எந்நாட்டவராயினும் ஆகுக. அவருக்கும் ஒரு தாய் இருந்தாள். அவளால் இங்கு வர இயலாது, நம்மால் இயலும்.