விடையைத் தாமதிக்கும் உரிமை

1871-இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைவதற்கு முன்னர், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் உ. வே. சாமிநாதையர் யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் கேட்டார். யாப்பு, சூத்திரத்தை மனனம் செய்த மாத்திரத்தில் கைவரும் வித்தையன்று. சீரையும் தளையையும் தானே பிரித்துப் பார்த்து, பிழைபட்டு, மீண்டும் பிரித்துப் பார்க்கிறவனுக்கே அது வசப்படும். அந்தத் தடுமாற்றத்துக்கு வேண்டிய அவகாசத்தை அளிப்பதே ஆசிரியர் செய்யும் பெரிய உபகாரம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அந்த அவகாசத்தையே பறித்துவிடுகின்றன. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடையே நிகழ்ந்த கணிதப் பரிசோதனையில், கேட்டவுடன் விடை தரும் கருவியோடு பயின்றவர்கள் பயிற்சியின்போது 48 சதவீதம் முன்னேறியும், கருவியற்ற தேர்வில், அதனைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். குறிப்பு மட்டும் தந்து சிந்திக்கத் தூண்டுமாறு அமைந்த கருவியால் அத்தீங்கு பெரும்பாலும் நேரவில்லை.

எனினும், அறிந்த விடையை மறைப்பது நியாயமாகுமா? வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்துக்குப் புழு அரித்த காயோடு வரும் விவசாயியிடம், யோசித்துப் பாருங்கள் என்று சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது அன்றைக்கே ஒரு பரிகாரம். ஆனால் அதே இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கல்லூரிப் பாடமாகப் படிக்கும் அவருடைய மகளுக்கு, காயினுள் புகுந்துவிட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எப்படி எட்டும் என்ற வினாவே பெரிய துணை. கேள்வி ஒன்றாயினும் தேவை இரண்டு.

அவளோ பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு இரவில் புத்தகத்தைத் திறப்பவளாகவும் இருக்கலாம். அயர்வையும் சோம்பலையும் முகம் பார்த்தே பகுத்தறிய ஆசிரியரால் இயலும். கருவிக்கு முகம் தெரியாது. ஆகையால், தாமதிக்கும் உரிமை அதற்கு நிபந்தனையோடுதான் உண்டு: தான் விடையை நிறுத்திவைத்திருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்; அவள் வெளிப்படையாக மறுபடியும் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்; கேட்கும் வினாவையும் அவளுக்குப் பழகிய தமிழிலேயே கேட்க வேண்டும். அந்நிய பாஷையில் விடுக்கும் வினா சிந்தனையைத் தூண்டாது, அச்சத்தையே தூண்டும்.

அவள் பிழையாக எழுதினாலும், உடனே திருத்தாமல், வெளியே பழுதின்றித் தோன்றும் காயைப் பிளந்து பார்த்ததுண்டா என்று கருவி கேட்கட்டும். விடிந்ததும் போய்ப் பார்க்க, வீட்டின் பின்புறமே வயல் இருக்கிறது.