ஆடி பதினைந்து

பங்குனி மாதத்தில் மரக்காணத்து உப்பளத்தைப் பார்க்கப் போகிறவன் விடிவதற்குள் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு மேல் அந்த வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசும். அளத்து வேலைக்காரர்கள் இருட்டோடு வந்து, வெயில் ஏறுவதற்குள் பாத்திகளில் உப்பை வாரி வரப்பில் குவித்துவிடுகிறார்கள். நான் போனபோது அன்றைய வேலை முடிந்திருந்தது. கொட்டகை நிழலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து காலில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உப்பைப் பற்றித்தான் கேட்க ஆரம்பித்தேன். பேச்சு பிள்ளைகளிடம் போய் நின்றது. தாய்மார்களிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதானே போய்ச் சேரும்?

இருவர் குழந்தைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் படிக்கின்றன. ஒருத்தியின் பெண் வகுப்பில் முதல். மற்றவளின் பையனுக்குப் படிப்பு மண்டையில் ஏறவில்லை என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

"எழுத்து கோணக்கோணலா வருது ஐயா. அதட்டினா அழுவுறான். அவங்கப்பன் மாதிரி இவனும் அளத்துக்குத்தான் வருவான் போல" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. பெற்ற பிள்ளையின் தலைவிதியை அவனுடைய ஆறாவது வயதுக்குள் ஒப்புக்கொண்டுவிட்ட சிரிப்பு அது.

"பையன் எப்போது பிறந்தான்?"

"ஆடி பதினாலு."

"இவங்க பொண்ணு?"

"அதுவும் ஆடிதான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு. இவனுக்கு முந்தின வருசம்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு நாள் குறைய ஒரு வருஷம்! அந்தப் பெண் இவனுக்கு அக்காள் முறை ஆக வேண்டியவள். வகுப்பில் பக்கத்துப் பலகை.

இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். 2023-24-ஆம் கல்வியாண்டில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, 1-8-2017 முதல் 31-7-2018 வரை பிறந்த குழந்தைகள் முதல் வகுப்புக்கு உரியவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். ஜூலை 31 என்பது நம் பஞ்சாங்கப்படி ஏறக்குறைய ஆடி பதினைந்து. ஆடி மாதத்தின் நடுவயிற்றில் ஒரு கோடு கிழித்தாயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் வகுப்பில் கடைக்குட்டி. அந்தப் பக்கம் பிறந்தவன் காத்திருந்து, வகுப்புக்கே மூத்தவனாக வந்து உட்காருகிறான். நாற்பது வயதில் ஒரு வருஷம் என்பது ஒன்றுமே இல்லை. ஐந்து வயதில் அது இதுவரை வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

பிறந்த மாதத்தைப் பற்றிய கவலை நமக்குப் புதிதல்ல. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்து, ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிற ஜனங்கள் நாம். இதை மூடநம்பிக்கை என்று மேடையில் எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் மேடையில் பேசுகிற நாமே, மாதம் செய்த வேலையைப் பையனுடைய மூளை செய்ததாக எண்ணி, ஒருவனுக்குப் பரிசும் இன்னொருவனுக்கு மக்குப் பட்டமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இது எந்த வகை நம்பிக்கையில் சேரும்?

கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூறு பேரை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தினால், நாலாம் வகுப்பில் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளைவிட 4 முதல் 12 இடம் வரை முன்னால் நிற்கிறார்களாம். வளர வளரச் சரியாகிவிடும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பிலும் 2 முதல் 9 இடம் வரை வித்தியாசம் மிஞ்சியிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துச் செய்தி இன்னும் கசப்பானது. அங்கே கோடு டிசம்பர் 31. ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்குக் கவனக்குறைவு நோய் என்று சீட்டு எழுதப்படுவது 30 சதவீதம் அதிகம். பெண் குழந்தைகளுக்கு 70 சதவீதம். சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருந்ததற்கு வைத்தியம்!

இங்கே என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் காலத்தில் கிராமத்தில் பிறப்புச் சான்றிதழைக் கண்டவர் யார்? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடம், தொடாவிட்டால் வீடு. எனக்குக் கை எட்டவில்லை. அழுதுகொண்டே திரும்பினேன். மறு வருஷம், ஆறு வயதுக்கு மேல் சேர்ந்தேன். அன்றே பக்கத்துத் தெருப் பையன் ஒருவனும் சேர்ந்தான். கை கால் நீளம். ஐந்து வயது நிறையவில்லை. ஹெட்மாஸ்டர் எங்கள் இருவருக்கும் ஒரே பிறந்த தேதியை எழுதினார்: ஜூன் 1. அந்தப் பதிவேட்டில் பாதி ஊர் ஜூன் 1-இல்தான் பிறந்திருக்கிறது.

அது பொய்தான். ஆனால் எந்தக் குழந்தையையும் வாசலோடு திருப்பி அனுப்பக் கூடாதே என்று இரக்கத்தால் எழுதிய பொய். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் அது ஒரு காரியம் செய்தது. காகிதத்தில் நாங்கள் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். உண்மையில் எனக்கு அவனைவிட ஒன்றரை வயது கூட. நான் முதலாவதாக வந்தேன். அவன் அடி வாங்கினான். "ஒரே வயசுதானே, அவனைப் பாருடா!" என்று என்னைக் காட்டியே அடித்தார்கள். ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். நான் கெட்டிக்காரன் என்ற எண்ணத்தோடு மேலே படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் பின்னால் கதை எழுதவும் துணிந்தேன். இதில் எவ்வளவு என் மூளை, எவ்வளவு அந்த ஒன்றரை வருஷம்? பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டவன் போல மனசு உறுத்துகிறது. எடுத்தது நானல்ல என்பதும் தெரிகிறது.

கோட்டை நகர்த்தினால் தீருமா? 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. ஐந்தானாலும் ஆறானாலும், தேதி என்று ஒன்று இருக்கிற வரையில் அதற்கு முந்தின நாள் பிறந்த குழந்தை ஒன்று இருக்கத்தான் செய்யும். வசதியுள்ளவர்கள் விஷயம் வேறு. பிள்ளை இன்னும் பக்குவப்படவில்லை என்று தோன்றினால் ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஆள் போட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த உப்பளத்துத் தாயிடம், "அடுத்த வருஷம் சேர்த்திருக்கலாமே அம்மா?" என்று நான் கேட்டது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நாங்க இருட்டுல எழுந்து வந்துடறோம் ஐயா. பள்ளிக்கூடம்னா காலையிலேயே சோறு போடறாங்க. வீட்டுல வச்சா யார் பாக்கறது?"

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. நல்ல காரியம். பசித்த பிள்ளைக்கு அது படிப்பைவிட முந்தியது. ஆகவே யாருடைய பிள்ளை காத்திருக்க முடியாதோ, அதுவே வகுப்பில் சின்னதாக உட்காருகிறது.

மாதக் கணக்கை அவளுக்கு விளக்கினேன். சட்டென்று புரிந்துகொண்டாள்.

"முந்தாநாள் தண்ணி விட்ட பாத்தியைப் பாத்து, ஏன் இன்னும் உப்பு பூக்கலேன்னு கேக்கிற மாதிரி இருக்குதே!" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா?"

"சர்டிபிகேட் குடுத்துத்தானே சேத்தோம். அசலு வீட்டுல பெட்டியிலே பிளாஸ்டிக் கவர் போட்டு வச்சிருக்கேன்."

எங்கள் ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி பொய். இது மெய்யான தேதி. சேர்த்த அன்றைக்குப் பிறகு அதை யாராவது புரட்டிப் பார்த்தார்களா என்பதுதான் சந்தேகம்.

"அதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டு. பையன் வகுப்பிலேயே சின்னவன், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்."

அவள் யோசித்தாள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். பங்குனியிலும் சித்திரையிலும் அளத்து வேலையை விட முடியாது.

"ஐப்பசி மழை புடிச்சா வேலை கிடையாது ஐயா. அப்ப போய்ச் சொல்றேன்" என்றாள்.

ஐப்பசியில் அவன் இரண்டாம் வகுப்பில் இருப்பான்.