வாடகையில் முதல் பங்கு யாருக்கு?

பள்ளிவாசல் முகப்பில் நாலு கடைகள். மாதம் பிறந்தால் வாடகை வருகிறது. இமாம் சம்பளம், மின்கட்டணம், ஏழைப் பிள்ளைகளின் படிப்பு என்று செலவுகள் காத்திருக்கின்றன. கடைக் கூரையிலோ விரிசல். சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி முதலில் எதற்கு எடுத்து வைக்க வேண்டும்? கேட்டால் கணக்குப்பிள்ளையின் கவலை போலத்தான் இருக்கிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதை அப்படி விடவில்லை. இந்தக் கட்டடம் யாருடையது என்ற கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

12ஆம் நூற்றாண்டில் ஃபர்கானாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மர்கீனானி எழுதிய ‘அல்-ஹிதாயா’, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்று. வக்ஃபு, அதாவது தர்மத்துக்கென நிரந்தரமாக எழுதி வைத்த சொத்து, தரும் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் மராமத்துதான் என்கிறது அது. சொத்தை எழுதி வைத்தவர் மராமத்தைப் பற்றி மூச்சே விடாமல் போயிருந்தாலும் இதுதான் விதி. தர்மம் என்றென்றும் நடக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சுவர் நிற்காமல் அது நடக்காது. ஆகவே அவர் சொல்லாததையும் சொன்னதாகவே கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்று ஒன்று வரும்: கோயிலைப் பழுதுபார்க்கவென்றே தனியாக விடப்பட்ட நிலம். அங்கே அதற்கென ஒருவர் மனமுவந்து நிலம் விட வேண்டும். ஹனஃபி வாதத்தில் அந்த மனம் இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

சரி, ஒரு வீட்டை ‘இன்னார் குடியிருக்கட்டும்’ என்று வக்ஃபாக எழுதினால்? அனுபவிப்பவர் தன் கைக்காசில் பழுதுபார்க்க வேண்டும். பயன் யாருக்கோ, பாரமும் அவருக்கே. அவர் மறுத்தால், அல்லது அவரிடம் பணம் இல்லாவிட்டால், நீதிபதியான காழி அவரைக் கட்டாயப்படுத்த மாட்டார். வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் பழுதுபார்த்து, பிறகு அவரிடமே திருப்பித் தருவார். கொஞ்ச காலம் வெளியே இருப்பதுதான் அவருக்கு நஷ்டம், உரிமை போகாது. சோம்பேறிக் குடித்தனக்காரரை இதைவிட நயமாகக் கையாள முடியுமா என்பது சந்தேகம்.

இடிந்து விழுந்த மரமும் கல்லும் யாருக்கு என்ற கேள்விக்கு நூல் சொல்லும் பதிலில்தான் தத்துவம் வெளிப்படையாகத் தெரிகிறது. தேவைப்பட்டால் அவை மராமத்துக்கே போக வேண்டும். உடனே தேவையில்லை என்றால் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பப் பொருத்த முடியாதவற்றை விற்று, அந்தப் பணத்தையும் மராமத்துக்கே செலவிட வேண்டும். பயனாளிகள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு உரியது கட்டடத்தின் பயன் மட்டுமே. கட்டடத்தின் உடல் இறைவனுக்குரியது. உடலைத் தின்று பயனை அனுபவிக்க முடியாது.

அதற்காகக் கட்டடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் இல்லை. வக்ஃபு செய்த நாளில் எப்படி இருந்ததோ, அந்த நிலையைக் காப்பது வரைதான் கடமை. அதற்கு மேல் அழகுபடுத்துவது பயனாளியின் பணத்தில் கை வைப்பது; அவர் சம்மதம் வேண்டும். நன்கொடைப் பணம் பளிங்குக் கற்களாக மாறும் ஊர்களில் இந்த வரம்பை நினைவூட்டினால் சண்டைதான் வரும்.

இன்றைய சொந்த வீட்டு வாடகையிலும் அரசு ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறது. இந்திய வருமான வரிச் சட்டத்தில், உள்ளாட்சி வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்துக்குக் கழிவு உண்டு. வீட்டுக்காரர் பழுதுபார்க்க ஒரு பைசா செலவழித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. விதி பங்கைப் பிரிக்கிறது. வீட்டிடம் கொண்டு சேர்ப்பதில்லை.

விதி கடுமையாக இருந்த இடத்திலும் ஓட்டை இருந்தது. பயனற்றுப்போன வக்ஃபுச் சொத்தை, காழியின் தீர்ப்புடன் வேறு சொத்துக்கு மாற்றிக்கொள்ள ஹனஃபி சட்டம் இடம் தந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் ஜமாலுத்தீன் யூசுஃப் என்ற உயர் அதிகாரி இதை எப்படிப் பயன்படுத்தினார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீசி எழுதியிருக்கிறார். கண்ணுக்குப் பிடித்த கட்டடம் வக்ஃபாக இருந்தால், அது அண்டை வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்து என்று சாட்சி சொல்ல இரண்டு பேர் வருவார்கள். மாற்றலாம் என்று காழி தீர்ப்பளிப்பார்.

இஸ்தான்புல்லில் ஓட்டையைப் போட்டது தீ. மர வீடுகள் அடிக்கடி எரிந்த அந்நகரில், திரும்பக் கட்டும் அளவுக்குப் பல வக்ஃபுகளிடம் சேமிப்பு இல்லை. எனவே ‘இஜாரத்தைன்’ என்ற இரட்டை வாடகை பரவியது. குடியேறுபவர் சொத்தின் மதிப்பை ஒட்டிய பெருந்தொகையை முன்பணமாகத் தருவார். கட்டடம் அதில் எழும்பும். அதன்பின் ஆண்டுதோறும் சிறு வாடகை. நாணய மதிப்பு சரியச் சரிய அந்த வாடகை பெயரளவுக்கு ஆனது. குடியிருக்கும் உரிமையோ பிள்ளைகளுக்கு இறங்கியது. வாரிசில்லாமல் இறந்தால்தான் சொத்து வக்ஃபிடம் திரும்பும். 1867இல் உஸ்மானிய அரசு வாரிசுகளின் வட்டத்தை விரித்தபோது அந்த வாய்ப்பும் குறுகிப்போனது.