உழைச்செல்வானின் ஓய்வு

நோயுற்ற பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ சில நாள் பிறர் பொறுப்பில் விட்டு ஓய்வெடுப்பது அறத்திலிருந்து வழுவுவதாகுமா என்னும் வினா, பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வாய்விட்டுக் கேட்கப்படுவது அரிது. கேட்டாலே நன்றி மறந்த பேச்சாகிவிடும் என்ற அச்சம், குறிப்பாகப் பெண்களிடம், ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அந்த அச்சத்துக்குத் தமிழ் மரபில் ஆதாரம் இல்லை. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நில்லாமல், உழைச்செல்வானையும், அதாவது உடனிருந்து பணிவிடை செய்பவரையும், மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணுகிறது. சரக சம்ஹிதையும் இந்த நால்வகைப் பகுப்பை ஏற்கிறது. நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு ஆகிய நான்கும் உழைச்செல்வானுக்கு வேண்டும் என்கிறார் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர். படுக்கைப்புண் வராதிருக்க இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, விடிந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணிடம் முதலில் தளர்வது வன்மை. பின்னர், அவள் விரும்பாமலே, அன்பும் தளர்கிறது. அன்பு தளர்ந்த இடத்தில் மருத்துவத்தின் ஒரு கூறு குறைந்துபோகிறது என்பதால், அவளுடைய ஓய்வு நோயாளிக்கும் உரிய மருந்தாகிறது. இல்வாழ்வான் ஓம்பவேண்டிய ஐவரில் தன்னையும் ஒருவனாக வள்ளுவர் சேர்த்ததும், எல்லா அறங்களையும் தான் உயிரோடிருந்தே செய்யவேண்டும் என்று உரைகாரர் அதற்குக் காரணம் காட்டியதும் இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கவை.

எனினும், ஓய்வு அறமே என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. மாற்றி விட ஆளில்லாத வீட்டில் அந்த ஒப்புதல் வெறும் சொல்லாகவே நிற்கும். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடு வேலையோடு பிணைந்தது. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இல்லையென்றால் குடியிருப்பும் நிலைக்காது என்பதால், நோயாளிக்காக வேலையை விடுவது பலருக்கு இயலாத தியாகம். முழுநேரமும் பராமரிப்பவருக்குக் கேரள அரசு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் வழங்கும் மாதம் 600 ரூபாய் இரண்டு நாள் தோட்டக் கூலிக்கும் எட்டாது. 2008இல் வகுக்கப்பட்ட மாநில வலிதணிப்புக் கொள்கையின் பயனாகப் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருகிறார். அது பெரிய பேறுதான், ஆயினும் அவர் புண்ணைக் கழுவிக் கட்டிச் சென்றபின் இரவு முழுவதும் பழைய தோள்களிலேயே விழுகிறது. முதியோர் பகல் வீடுகளோ எழுந்து நடமாடுவோருக்கே பயன்படுகின்றன.

ஆகவே பராமரிக்கும் கடன் குடும்பத்தைத் தாண்டி ஊரைச் சேர்கிறது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரமாக வகுத்தது இந்தக் கடனைத்தான். மலப்புறத்தில் வளர்ந்த அக்கம்பக்கத்து வலிதணிப்பு அமைப்பு, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய சாதாரண மக்களைப் பயிற்றுவித்தே இயங்கியது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் உள்ள பஞ்சாயத்துகளும், கோயில் கமிட்டிகளும், தேவாலயப் பங்குகளும், பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் தமிழ் பேசும் தொண்டர்களை அவ்வாறு திரட்டி, படுக்கையிலிருப்பவர் அருகே மாற்றாக அமர்த்தி, பராமரிப்பவரைத் தூங்க அனுப்ப வேண்டும்.